முத்துமாலையும் காணிக்கைப் பெட்டியும்

காலை பத்தே முக்கால். கனாசாவா நகரின் நான்காவது மாடி வீடொன்றில் சிசுரு அம்மாளின் முத்துமாலை காணாமல் போனது. மறுநாள் மகளுக்குக் கல்யாணம். அவளுக்கென்று வாங்கிய மாலை. அன்று வீட்டுக்கு வந்த வெளியாள் ஒரே ஒருவன், வெந்நீர் இயந்திரம் பழுது பார்க்க வந்த நுமாதா. வேறென்ன யோசிக்க வேண்டும்? சிசுரு யோசிக்கவில்லை. முதல் போன் அவன் கம்பெனிக்கு, அடுத்தது போலீசுக்கு.

பதினொன்றேகாலுக்கு சார்ஜென்ட் இபுகி வந்தார். பனி அப்பிய காலணிகளை வாசலில் விட்டு உள்ளே நுழைந்தவர், முதலில் மூக்கைச் சிந்தினார், பிறகுதான் கூடத்தைப் பார்த்தார்.

சுவரோரம் ஒரு பழைய காணிக்கைப் பெட்டி. ஏதோ கோயிலை மூடியபோது பழம்பொருள் கடைக்கு வந்து, அங்கிருந்து சாவி இல்லாமலே சிசுருவின் வீட்டுக்கு மேசையாக வந்தது. காசு விழ இடுக்கு விட்டுப் பதித்த மேல்சட்டங்களின் மீது கிமோனோ இடைப்பட்டை ஒன்று நீளவாக்கில் விரிப்பாகக் கிடந்தது. நடுவில் பூச்சாடி.

"மாலையை எங்க வச்சீங்க?"

"இந்த மேசை மேல."

"மேலயா, விரிப்புக்கு அடியிலயா? இந்தக் கோடி மட்டும் கசங்கியிருக்கே."

சிசுருவின் காது சிவந்தது. "அடியிலதான். வாசல் மணி அடிச்சுது. வெளியாள் வர்ற நேரத்துல கண்ணுல படற மாதிரியா வைப்பாங்க?"

"அவன் தனியா இருந்தானா?"

"பார்சல் வாங்கக் கீழ போனேன். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

நுமாதா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலருகே நின்றான். பையையும் கருவிப் பெட்டியையும் கொட்டிப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் விஷயம் தீராவிட்டால் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"அந்த அஞ்சு நிமிஷம் என்னப்பா பண்ணே?"

"வேலையத்தான் பார்த்தேன் சார்."

"கூடத்துக்கு வந்தியா?"

அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்லப் பழகாதவன் வாயை மூடிக்கொண்டால் அதுவும் சந்தேகத்தில்தான் முடிகிறது, பாவம்.

அதற்குள் யாரும் கூப்பிடாமலே பக்கத்து வீட்டு ஒகுமுரா ஆஜரானார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

"சுவரா சார் இது, வெறும் காகிதம்! இந்தம்மா தும்மினாக்கூட எனக்குச் சளி பிடிக்குது."

"இன்னிக்கு என்ன கேட்டுச்சு?"

"இந்தம்மா கீழ போனதும் யாரோ கொசு அடிச்சாங்க. பட், பட்னு ரெண்டு அடி. செத்திருக்கும், அப்புறம் சத்தமே இல்ல."

இபுகி ஜன்னலுக்குப் போனார். கீழே நின்ற கார்கள் கதவுப்பிடி வரை பனியில் புதைந்திருந்தன. திரும்பியபோது முகத்தில் சிரிப்பு.

"திருடன் கிடைச்சாச்சு மேடம்," என்று காணிக்கைப் பெட்டியைத் தட்டினார். "இதோ, இவன்தான்."

சிசுரு முறைத்தாள்.

"பிப்ரவரிப் பனியில ஏது கொசு? அந்த ரெண்டு தட்டு சாமிக்கு, கோயில்ல ரெண்டு தரம் கை தட்டித்தானே கும்பிடுவோம். சாமி கும்பிடறதுக்கு முன்னாடி காசு போடணும்ல? விரிப்பு மறைக்குது. நுமாதா மாலை இல்லாத அந்தக் கோடியைத் தூக்கிக் காசு போட்டிருக்கான். போறப்போ நல்ல பிள்ளையா இந்தக் கோடி வரைக்கும் கையால நீவி விட்டிருக்கான். அடியில இருந்த மாலை சட்டத்து இடுக்குல தலையை விட்டுது, மிச்சம் தானா வழுக்கிப் போயிருச்சு. சரியா நுமாதா?"

"காசு போட்டது நெஜம் சார். மாலை இருந்தது சத்தியமா தெரியாது."

"நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேனே! உள்ள வெறும் பலகைதான்," என்றாள் சிசுரு.

"சரிவுப் பலகை மேடம். உள்ள போனது வெளிய வரக்கூடாதுன்னே செஞ்சது. நீங்க மேசைன்னு நினைச்சீங்க. அது தன் வேலையை மறக்கல."

நுமாதாவே பெட்டிக் கதவின் கீலைக் கழற்றினான். உள்ளே முத்துமாலை. பக்கத்தில் ஒற்றைக் காசு.

சிசுரு மாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"வீட்டுக்காரங்க பொருளைத் தொடக்கூடாதுன்னு கம்பெனி விதி மேடம். தொட்டேன்னு சொன்னாலும் வேலை போயிடும்." அவன் குரல் இறங்கியது. "எங்கண்ணன் மீன் பிடிக்கப் போய்ப் புயல்ல மாட்டிக்கிட்டாரு. எங்க ஊர்ல இந்தப் பெட்டி முன்னாடி நின்னுதான் வேண்டிக்கிட்டேன். வந்துட்டாரு. நன்றி சொல்லப் போறதுக்குள்ள கோயிலை மூடிட்டாங்க. இந்த ஒரு சட்டம் மட்டும் படகுப் பலகை, பாருங்க. பழசு ஒடைஞ்சப்போ அண்ணன் கையால போட்டது. அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல."

சிசுரு இடுப்பு வளையக் குனிந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவன் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மாலை கிடைச்சிருச்சு, மேசைக்குள்ளதான் விழுந்திருக்கு, தப்பு என்னோடது. என்னது, மேசையை ஏன் தொட்டான்னா? நான்தான் தொடச் சொன்னேன். ஆமா, நானேதான்!"

போலீஸ்காரர் எதிரிலேயே பச்சைப் பொய். இபுகி மறுபடி மூக்கைச் சிந்தப் போய்விட்டார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிறு நுமாதா அண்ணனை அழைத்து வந்தான். கை நீளத்துக்கு ஒரு பனிக்கால மீனைச் சிசுருவிடம் நீட்டிவிட்டு, அந்த முரட்டு மனிதர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். விரிப்பும் பூச்சாடியும் காலையிலேயே அலமாரிக்குப் போயிருந்தன.

"உயிரோட வந்துட்டேன் சாமி," என்றார். "வந்துட்டேன்னு சொல்லத்தான் இவ்வளவு நாளாயிருச்சு. கோவிச்சுக்காதீங்க."