கோடைக்கு இறக்கிய புத்தகம்

கத்தரி வெயில் நெருங்கினால் தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். இந்தக் கோடைக்கு எதைப் படிப்பது? வெயில் தணியும்வரை பகலில் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சட்டம். அலுவலகமும் கிடையாது. காலை நீட்டிக்கொண்டு படிக்கலாம்.

ஆனால் படிக்காத புத்தகம் யாரிடம் இருக்கிறது? பள்ளியிலேயே நூலேற்றியில் உட்காரவைத்து ஒரு நூலகத்தையே மண்டைக்குள் ஏற்றிவிடுகிறார்கள். முதல் வரியைப் பார்த்ததுமே கடைசி வரி தெரிந்துவிடும். அதில் என்ன சுகம்? அதனால் ஆசைப்பட்ட புத்தகத்தை இறக்கு நிலையத்துக்குப் போய் மண்டையிலிருந்து இறக்கிவிட்டு வருவோம். பிறகு அதையே காகிதத்தில், புதிதாகப் படிப்போம்.

நாளை மகள் ரெஜினா வருகிறாள். அவளுக்கும் சேர்த்து நான் புத்தகங்களை யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அமலதாஸ் குஷியாக வந்து உட்கார்ந்தார்.

"நான் கூட்டத்துக்கு முந்தி போய் இறக்கிட்டேன் ஜெசி. கலங்கரை விளக்கத்துல ஒரு கொலையாம்."

புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தேன்.

"இதத்தான போன வருசம் படிச்சிய?"

"அப்படியா? அப்ப நல்ல புத்தகந்தான்!"

கோடையில் ஒருமுறை படித்ததை மறுபடி இறக்கக் கூடாது. இறக்கினால் புத்தகம் மட்டும் போகாது. படித்த நாட்களில் நம்மைச் சுற்றி நடந்ததெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். இவருக்கு அது தெரியாமலில்லை. ஆசை, அவ்வளவுதான்.

ரெஜினா எங்களிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள். நான்கு வருடம் இவர் அவள் முகத்தில் விழிக்கவில்லை. போன கோடையில் நான் கெஞ்சி அழைத்ததில் அவள் வந்து, இந்தப் புத்தகத்தை எடுத்து, இவருக்கு வாசித்துக் காட்டினாள். பாதி புத்தகத்தில் இவர் உடைந்து அழுதார். அவளுடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

"ரெஜினா நாளைக்கு வாறா" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாறா?"

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது. அந்தச் சமாதானத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல இவர் கேட்டார்.

"நானா அழுதேன்?"

"நீங்கதான்."

"நீ பொய் சொல்லமாட்ட. நம்புதேன்." புத்தகத்தைத் தள்ளி வைத்தார். "ஆனா கோவம் அப்படியே இருக்கே ஜெசி. நான் என்ன செய்ய?"

எனக்கு மறுபடி முதலிலிருந்தா என்று ஓவென்று அழத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ரெஜினா போனில் அழைத்தாள். கூடமெங்கும் அவள் குரல் கேட்டது.

"அம்மா, வண்டி காலைல அஞ்சு மணிக்கு வந்துரும். அப்பா ஸ்டேசனுக்கு வாறாங்கதான? அடுத்த தடவ நானே வந்து கூட்டிட்டுப் போவேன்னு சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். சொன்னேனா என்று கண்ணாலேயே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சொல்லிருக்கேன்லா" என்றார், அவளுக்குக் கேட்காதபடி. "கோவத்தோடயே போறேன். பரவால்லயா?"