தறிக்கூடத்துச் சிவப்பு பல்பு

எங்கள் வீட்டு காலிங்பெல் சத்தம் போடாது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில், தறி ஓடுகிற வீட்டில் மணி அடித்தால் யார் காதில் விழும்? நான்கு பவர்லூமும் ஒன்றாக ஓடினால் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் வாசல் சுவிட்சை அமுக்கினால் தறிக்கூடத்தில் சிவப்பு பல்பு எரிகிற மாதிரி நானே வயர் இழுத்து வைத்திருந்தேன். மற்றவர்கள் ஒரு முறை அமுக்குவார்கள். நான் மூன்று முறை. அதைப் பார்த்ததும் என் மனைவி ஹரிப்ரியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள்.

ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போன எனக்கு ஒரு வருடம் முடிந்து, ஊர் திரும்பும் நாளும் வந்துவிட்டது. துப்பாக்கியை ஒப்படைத்துப் பெட்டியைக் கட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டது. மண் ஓடுபாதை சேறாகி விமானம் இறங்க முடியவில்லை. இன்று, நாளை என்று சொல்லியே பத்து நாள் ஓட்டினார்கள். கட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருப்பதுபோல் எரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை.

நான் வீட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டிய நாளில் போன் செய்தேன். அப்பா ஆதிகேசவன் எடுத்தார்.

"நீ உள்ள வர்றதுக்கு கோயில் பந்துலு குறிச்சுக் குடுத்த டைமு காலைல பத்தரை. அத உட்டா ஒரு மாசத்துக்கு நல்ல நேரம் லேதுன்னுட்டாரு. அதான் உன் மிலிட்டரி சட்டைய வாசப்படி கிட்ட சேர்ல மாட்டி ஆரத்தி சுத்திட்டோம். ஹரிப்ரியாவே, வலது கால வெச்சு உள்ள வாங்கன்னு கூப்புட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சட்ட உள்ள வந்துச்சா நைனா?"

"ஆரத்தித் தண்ணிய கொட்டிட்டு உள்ள வந்தோம். பல்பு மூணு தபா எரிஞ்சுது."

வாசலில் யாரும் இல்லையாம். வயர் கோளாறு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஹரிப்ரியா பேசினாள். "மத்தியானம் கரண்டு போச்சுங்க. நானும் மாமாவும் சாப்புட்டு வந்து பாத்தா, தறில அறுந்து கெடந்த இழைக்கெல்லாம் யாரோ முடிச்சு போட்டு வெச்சிருக்காங்க."

"நைனா போட்டிருப்பாரு."

"இடது கை முடிச்சுங்க."

எங்கள் தெருவில் இடது கையால் இழை முடிகிறவன் நான் ஒருவன்தான். என் முடிச்சின் வால் எதிர்ப்பக்கம் விழும். ஹரிப்ரியாவின் குரலில் பயமே இல்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

ஆறாம் நாள் வீடியோவில் அப்பா வந்தார். அவருக்குப் பின்னால் தறிக்கூடத்தில் அதே நாற்காலி. அதில் என் சட்டை, கழுத்துவரை பட்டன் போட்டபடி. முன்னால் ஒரு தட்டு.

தட்டில் பாதி தின்ற சோறு.

அப்பா உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா பேசு. புள்ள இப்பதான் துன்னுட்டு கண்ணசந்தான்."

"எந்தப் புள்ள நைனா?"

அவர் போனையே உற்றுப் பார்த்தார்.

"நீ யாருப்பா?"

இணைப்பு அறுந்தது.

ஒரு வருடம் எப்படியோ ஓட்டிவிட்டேன். அந்த ஒரு கேள்வி என்னை உடைத்துப் போட்டது. நான் போய்ச் சேரும்போது என் வீட்டில் எனக்கு இடம் இருக்குமா? மறுபடி போன் போட்டு, அந்தச் சட்டையை எரித்துவிடு என்று ஹரிப்ரியாவிடம் கெஞ்சினேன். சரிங்க என்றாள்.

பதினோராம் நாள் விமானம் வந்தது. தில்லி போய், ரேணிகுண்டாவில் இறங்கி, புத்தூர் வழியாக நகரிக்கு வந்து சேர்ந்தபோது மாலை நாலு மணி, நல்ல வெயில். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுவிட்சை மூன்று முறை அமுக்கினேன்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஹரிப்ரியா முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அன்னிக்கே எரிச்சுட்டேங்க," என்றாள். அப்பாவும் கண்ணைத் துடைத்தார். "இன்னா பேசினேன்னே தெர்லடா ஹேமநாத். உள்ள வா. ஒருத்தருக்கு ரெண்டு தபா ஆரத்தி சுத்தக்கூடாது."

ஆரத்தி இல்லாமலே படியைத் தாண்டினேன். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வீட்டு வாசனை, எண்ணெயும் நூல் தூசும் கலந்த வாசனை, அதுவே போதுமாக இருந்தது. தறிக்கூடத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். ஹரிப்ரியா தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தறியை ஓட விட்டார்.

முதல் வாய் எடுத்தேன்.

சிவப்பு பல்பு எரிந்தது.

அணைந்து மறுபடி எரிந்தது.

மூன்றாவது முறையும் எரிந்தது.

ஹரிப்ரியா என் கையை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தறிச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று என் காதருகே குனிந்தாள்.

"கொஞ்சம் எழுந்துக்கோங்க. அவரு வந்துட்டாரு."