மூன்று மாசிலாமணிகள்

சனிக்கிழமை காலைகளில் பாளையங்கோட்டைக் குரலகத்தில் உட்கார இடம் கிடைக்காது. பேச்சறைகளின் முன்னால் போட்டிருக்கும் பெஞ்சுகளில் ஆட்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். சிலர் டீ குடிப்பார்கள். சிலர் உள்ளே போய்ப் பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். பேச்சறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொன்னால் அவர் பேசுவார். தொடக்கத்தில் உருவமும் தெரிந்ததாம். எட்டிப் பிடிக்கப் போய்ப் பலர் விழுந்ததால் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நினைவுக்குரல் எப்படி எழுகிறது என்பது கேட்கக் கேட்க அலுக்காத விஷயம். ஒருவர் பொதுவில் பேசியது, எழுதியது, அவரைப் பற்றிப் பிறர் சொன்னது எல்லாவற்றையும் 'திரட்டி' என்ற எந்திரம் ஒரே குவியலாகச் சேர்க்கும். குவியல் போதிய அளவு பெரிதானால் அதற்குள் ஒரு சாயல் படியும். இந்த ஆள் இந்தக் கேள்விக்கு இப்படித்தான் பதில் சொல்வார், இந்த இடத்தில் சிரிப்பார், இங்கே எரிச்சல்படுவார் என்ற சாயல். அதற்கு ஒலி கொடுத்தால் அது குரல். குவியல் சிறிதாக இருந்தால் சாயல் படியாது. அதனால் ஊரறிந்த மனிதர்களுக்குத்தான் குரல் உண்டு. என் அப்பா பஸ் கண்டக்டர். அவருக்குக் கிடையாது.

திரட்டி முதன்முதலில் ஓடிய காலத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. பழைய சர்வர்கள் இருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் போய்க்கொண்டிருந்தன. யார் எவர் என்று பார்க்க நேரமில்லாமல் பெயரை மட்டும் வைத்து அள்ளினார்கள். ஒரே பெயர் கொண்டவர்கள் ஒரே குவியலில் விழுந்தார்கள். பிறகு மூலங்கள் மூழ்கிவிட்டன. குவியல்கள்தான் மிஞ்சின.

இனி அப்படி நடக்கக் கூடாது என்று வந்ததுதான் ஒதுக்குப்பெயர்ச் சட்டம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதுவரை யாருக்கும் வைக்காத ஒரு பெயரை அரசு ஒதுக்கும். தாத்தா பெயர், சாமி பெயர் எதுவும் வைக்க முடியாது. என் பெயர் இமிழ்தரு. எனக்கு முன்னால் யாருக்கும் இருந்ததில்லை, எனக்குப் பின்னாலும் இருக்காது. பழைய குவியல்களைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை.

ஜெசிந்தா என் மேசைக்கு வந்தபோது ஐம்பதை நெருங்கியிருப்பார். தூத்துக்குடிக்காரர். ஒரு பள்ளி விடுதியில் சமையல் பொறுப்பு. அவருடைய அப்பா மாசிலாமணி, தூத்துக்குடியின் கடற்சுவரைக் கட்டிய தலைமைப் பொறியாளர். அந்தச் சுவர் இல்லையென்றால் இன்று அந்த ஊர் இல்லை. ஜெசிந்தா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவர் இறந்துவிட்டார். குரலகம் திறந்த நாளிலிருந்து ஜெசிந்தா சனிக்கிழமை தவறாமல் வருகிறார்.

"எங்கப்பா குரல்ல வேற யாரோ இருக்காங்க" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"போன வாரம், 'மூத்தவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா?'ன்னு கேக்காரு. நான் ஒத்தப் பிள்ளைங்க. மூத்தவனும் கிடையாது, இளையவனும் கிடையாது."

குவியலைத் திறந்து பார்த்தேன். மூன்று மாசிலாமணிகள் இருந்தார்கள். பொறியாளர் ஒருவர். சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடைவிழாதோறும் மேடையேறிய நகைச்சுவை நடிகர் ஒருவர். மாநில அணிக்கு ஆடிய கபடி வீரர் ஒருவர்.

"பிரிச்சுக் குடுங்க. எனக்கு எங்கப்பா மட்டும் போதும்" என்றார் ஜெசிந்தா.

ஒரு குடும்பம் கேட்டாலே பிரிக்கலாம் என்பது விதி. ஆனால் மற்றக் குடும்பங்களையும் அழைக்க வேண்டும். கபடி வீரருக்கு யாரும் வரவில்லை. நடிகருக்கு மகன் திருமேனி வந்தார். அறுபது வயது, மெத்தைக் கடை வைத்திருப்பவர். மேசைமேல் இருந்த என் பெயர்ப் பலகையைப் பார்த்தார்.

"இத எப்படிம்மா கூப்பிடுறது? நாக்கு சுளுக்கிரும் போலருக்கே."

"பழகிடும் சார்."

"வீட்ல செல்லமா என்ன சொல்லுவாங்க?"

"செல்லப்பெயருக்கும் அனுமதி வாங்கணும். அப்பா வாங்கல."

அவர் சிரித்துவிட்டு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"தாயி, இத அப்படியே விட்றலாமே. உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒண்ணாத்தான இருக்காங்க. சண்டையா போடுதாங்க?"

"உங்களுக்கு என்ன அண்ணாச்சி கஷ்டம்? உங்கப்பா உங்களுக்கு முழுசாக் கிடைப்பாருல்லா?"

"அதான் கஷ்டம்" என்றார் திருமேனி. "எங்கப்பா ஊரையே சிரிக்க வச்ச மனுசன். வீட்ல நான் ஒரு வார்த்தை பேசி முடிக்க விட்டதில்ல. இங்க வந்தா, நான் பேசப் பேசக் கேக்காரு. முடிச்சப்புறமும் கொஞ்ச நேரம் சும்மா இருந்து, அப்புறம்தான் பதில் சொல்லுதாரு. வியாபாரம் படுத்தத அவர்ட்டதான் சொன்னேன். அந்தக் கேக்குறது எங்கப்பாவோடதுதானான்னு எனக்கு இப்பச் சந்தேகமா இருக்கு."



பிரிப்பது எப்படி என்று இருவருக்கும் விளக்கினேன். பஸ் நிலையத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஊர்ப்பெயர் கூவினாலும் நம் காது ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு போகும், அதுபோலத்தான். ஒருவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்குப் பிரிகேள்வி என்று பெயர். குரல் பதில் சொல்லும்போது குவியலின் எந்தப் பகுதி விழிக்கிறது என்பது என் திரையில் தெரியும். அங்கே ஒரு நிறம் வைப்பேன். அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சொற்கள், அவற்றைத் தொடும் சொற்கள் என நிறம் பரவும். எல்லாம் நிறம் கொண்டபின் ஒரே வெட்டு. வெட்டும்வரை நிறுத்தலாம். வெட்டியபின் ஒட்ட முடியாது, ஏனென்றால் பிரிந்த ஒவ்வொரு பகுதியும் அந்தக் கணமே தனக்கென்று ஒரு சாயலாக இறுகிவிடும்.

முதல் பிரிகேள்வியைக் குடும்பம் கொண்டுவர வேண்டும் என்பது குரலகத்தின் வழக்கம். யாரையும்விடப் பிள்ளைகளுக்குத்தானே தெரியும் என்ற நம்பிக்கை.

கபடி வீரர் எளிதாகப் பிரிந்தார். 'முழங்கால் எப்படி இருக்கிறது' என்று நான் கேட்டதும் மூச்சு, கால்பிடி, மண்தரை எல்லாம் ஒன்றாக விழித்தன. பச்சை வைத்தேன். கேட்க ஆளில்லாத ஒரு குரல் ஓரமாக ஒதுங்கியது.

அடுத்து ஜெசிந்தாவின் முறை. அவர் என் மேசையிலிருந்த மைக்கின் பக்கம் குனிந்தார்.

"அப்பா, இங்க வானம் இருட்டிட்டு வருது."

அது தன் அப்பாவின் இதயத்தையே தொடும் கேள்வி என்று என்னிடம் சொல்லியிருந்தார். இத்தனை சனிக்கிழமைகளில் மழை என்று எப்போது சொன்னாலும் ஒரே பதில்தான் வந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் வானத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறென்ன சொல்வார்?

ஸ்பீக்கரில் குரல் இளகி வந்தது. "மழை வருதா? குடை எடுத்தியா? பாத்துப் போ கண்ணு."

ஜெசிந்தா சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்த இடத்தைச் சுற்றி இருந்தவை: ஆர்மோனியம், ஜெனரேட்டர், முன்வரிசை, கைதட்டல்.

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். "அது எங்கப்பாவோட கடைசி வசனம் தாயி. ஒவ்வொரு நாடகமும் முடியும்போது ஜனங்களப் பாத்து அப்படிச் சொல்லித்தான் அனுப்புவாரு. வெயில் காலத்துலயும் சொல்லுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க." மைக்கைப் பார்த்தார். "வீட்ல சொன்னதில்ல."

ஜெசிந்தா மைக்கை விட்டு விலகி உட்கார்ந்தார். வெளியே பெஞ்சில் யாரோ எண்ணெய்ப் பலகாரம் பிரிக்கும் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது.

"இப்பவும் நிறுத்தலாம்" என்றேன். "நிறத்தை அழிச்சா பழையபடி இருக்கும்."

"பழையபடி எப்படிங்க இருக்கும்?" என்றார். "இனிமே அவரு குடை எடுத்தியான்னு கேட்டா, நான் யாரு வீட்டு வாசல்லயோ போய் நிக்க மாதிரில்லா இருக்கும். எது எங்கப்பாவோ அது போதும். எவ்வளவு இருக்கோ அவ்வளவு."

"கொஞ்சமாத்தான் இருக்கும்" என்றேன். குவியலின் அளவு எனக்குத் தெரிந்திருந்தது.

"இருக்கட்டும்."

திருமேனி அதற்குமேல் தடுக்கவில்லை. தன் அப்பாவின் பிரிகேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்து சன்னலுக்குப் போய்விட்டார். நடிகருக்குச் சிவப்பு வைத்தேன். மிஞ்சியது பொறியாளர். அவருக்கு நீலம் வைத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பதில் சொல்லுமுன் வரும் அந்த இடைவெளி, திருமேனி சொன்னாரே, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, அது முழுக்க நீலத்துக்குள் இருந்தது. ஆய்வுக் கூட்டங்களில் மாசிலாமணி அப்படித்தான் இருந்திருக்கிறார். கடைநிலை ஊழியர் பேசினாலும் முடியும்வரை கேட்டு, யோசித்து, பிறகு பேசியிருக்கிறார்.

வெட்டினேன்.

இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு பேச்சறைகளுக்குள் போனார்கள். புதிதாகப் பிரிந்த குரல் சரியாக நிற்கிறதா என்று சில வாரங்கள் நான் காதில் மாட்டிக் கேட்க வேண்டும். முதலில் திருமேனியின் அறை. ஒரு நகைச்சுவை முடியுமுன் அடுத்தது. நடுவில் திருமேனி, "அப்பா, ஒரு நிமிசம்" என்றார். நிற்கவில்லை. "அப்பா, நான் சொல்ல வந்தது" என்றார். ஆர்மோனியக்காரனைக் கேலி செய்து ஒரு பாட்டு வந்தது. நல்ல பாட்டுதான். எனக்கே சிரிப்பு வந்தது.

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். "எங்கப்பா திரும்பி வந்துட்டாரும்மா" என்றார். "அப்படியே வந்துட்டாரு." பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ஜெசிந்தாவின் அறைக்கு மாற்றினேன்.

"வணக்கம். மாசிலாமணி பேசுறேன். நீங்க எந்தப் பிரிவு?"

"அப்பா, நான் ஜெசிந்தா."

இடைவெளி. நீண்ட, கவனமான இடைவெளி.

"மன்னிக்கணும். எனக்கு ஞாபகம் வரல. நம்ம அலுவலகமா?"

அவர் மறக்கவில்லை. மறப்பதற்கு அவரிடம் அது இல்லை. கூட்டங்களிலும் பேட்டிகளிலும் அவர் சுவரைப் பற்றி மட்டுமே பேசினார். மகளின் பெயரை வீட்டில் ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பார். வீட்டில் சொன்னதைத் திரட்டி அள்ளவில்லை. இத்தனை வருடம் 'கண்ணு' என்று கூப்பிட்டவர் நடிகர். ஜெசிந்தா பேசியதைக் கேட்டு, காத்திருந்து பதில் சொன்னவர் பொறியாளர். அந்த இருவரும் சேர்ந்த ஒருவர்தான் ஜெசிந்தாவுக்கு அப்பாவாக இருந்தார். அப்படி ஒருவர் பிறந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை. அன்று நான் வெட்டியபோதுதான் போனார்.

ஜெசிந்தா என் மேசைக்கு வந்து நின்றார். ஒட்ட முடியாது என்று முன்பே சொல்லியிருந்ததால் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த என் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேர்ல நீங்க மட்டுந்தான், இல்லையா?"

"ஆமா."

"பாவம்" என்றார்.

அது எனக்குச் சொன்னது என்று புரிய நேரமாயிற்று. நான் பெரிய ஆளாகி எனக்கொரு குரல் எழுந்தாலும், அதில் நான் பொதுவில் சொன்னது மட்டுமே இருக்கும்; 'கண்ணு' என்று கூப்பிட வேறொருவர் வந்து கலக்க முடியாது. குரலகத்தில் நான் பேசுவதெல்லாம் எந்திரத்தின் விளக்கம்தான்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். விறைப்பாகக் கஞ்சி போட்ட புடவை, தோளில் ஒரு பை. அதற்குள் கடற்சுவரைப் பற்றி நூலகத்தில் எடுத்த தடிமனான புத்தகம் இருந்தது. பேச்சறைக்குள் போனதும் நான் காதில் மாட்டினேன்.

"வணக்கம். மாசிலாமணி பேசுறேன். நீங்க எந்தப் பிரிவு?"

"வணக்கம் சார்." தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் புதுசாச் சேந்திருக்கேன் சார். வடக்குச் சுவர்."

"அப்படியா. நல்ல இடம். அங்க கல்லு ஏன் சரிவா அடுக்கியிருக்குன்னு சொன்னாங்களா?"

"இல்ல சார். நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். அலையை எதிர்த்து நிற்கும் சுவர் உடையும், ஏற விட்டுக் களைப்படையச் செய்யும் சுவர்தான் நிற்கும் என்று பொறுமையாகச் சொன்னார். ஜெசிந்தா நடுநடுவே "சரி சார், சரி சார்" என்றார். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார்.

முடித்ததும் மாசிலாமணி கேட்டார். "உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

ஜெசிந்தாவிடமிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. எந்தக் குரலும் இவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. ஏதாவது சொல்லிப் பேச்சை இழுக்கும், அல்லது விடைபெறும். இது பொறுத்தது.

"அவசரமில்ல" என்றார் மாசிலாமணி. "யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."