ஈரத்துணியில் சுற்றி அனுப்பவும்

பார்சல் சூடாக இருந்தது.

கொதிக்கிற சூடு இல்லை. யாரோ வெகுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் எடுத்துக் கொடுத்த மாதிரி ஒரு சூடு. இரண்டு நாள் தபாலில் கிடந்து, மழையில் நனைந்த பையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பவை செத்த பைன் குச்சிகள். அதற்கு என்ன சூடு? மர டாக்டர் உள்ளங்கையை வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் சூடு போகவில்லை.

மர டாக்டர் என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். நோய் கண்ட மரங்களின் மாதிரிகளைச் சோதித்து, இன்ன பூச்சி, இன்ன பூஞ்சை என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் பெயர் சிடுமூஞ்சி. அதுவும் பொய்யில்லை.

"வண்டியில இன்ஜின் பக்கத்துல போட்டிருப்பான் மேடம்," என்றார் தபால் கொண்டுவரும் உதவியாளர். வாய் ஓயாது என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "இன்னிக்கு என்ன கேஸ்? காய்ச்சலா, பேதியா?"

"கொஞ்சம் வாயை மூடினீங்கன்னா பார்த்துச் சொல்றேன், அண்ணே."

கூடவே வந்த படிவத்தில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. வீட்டுக்கு முன்னாலிருக்கும் சரிவில் ஏழு மாதத்துக்கு முன் இருநூறு பைன் கன்றுகள் நட்டிருக்கிறார் ஒருவர். ஒவ்வொன்றாக நுனி பழுத்து, பழுப்பேறி, கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வருகிறதாம். அவள் குச்சிகளைத் தட்டில் பரப்பி லென்ஸின் கீழே வைத்தாள். வண்டு துளைத்த ஓட்டை இல்லை, பிசின் கட்டி இல்லை, அசுவினி இல்லை, சிலந்திப்பூச்சியின் வலை இல்லை, பூஞ்சையின் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. ஊசியிலைகள் மட்டும் தாமாகவே ஒன்றிரண்டாகத் தட்டில் உதிர்ந்தன, டிக், டிக் என்று. பிசின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ரொம்ப நாள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் அறையில் அடிக்குமே, அது. அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

எரிச்சலாக வந்தது. எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். செத்த பாகத்தை ஒடித்து அனுப்பிவிட்டு நோய் என்னவென்று கேட்கிறார்கள். படிவத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"செத்ததை அனுப்பினா எனக்கு என்னங்க தெரியும்? உயிரும் சாவும் சேருற இடம் ஒண்ணு இருக்கும் பாருங்க, பச்சையும் பழுப்பும் தொடுற இடம். அதுக்கு மேலயும் கீழயும் விட்டு வெட்டுங்க. ஈரத்துணியில சுத்தி அன்னிக்கே அனுப்புங்க."

"ஒரு நிமிஷம் மேடம், எழுதிக்கறேன்." அமைதியான குரல். பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. "மேலயும் கீழயும் விட்டு... ஈரத்துணி... அன்னிக்கே. சரிங்க. நீங்க சொன்னது சொன்னபடி செய்வேன்."

இப்படிப் பத்துப் பேர் இருந்தால் என் வேலை எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

மூன்றாம் நாள் இரண்டாவது பார்சல் வந்தது. அதுவும் சூடு. ஈரத்துணியைப் பிரித்தால், அளவெடுத்து வெட்டியதுபோல் ஒரு கிளை, பாதி பச்சை, பாதி பழுப்பு. இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக வெட்டிய மாதிரியை அவள் பார்த்ததில்லை. ஆனால் லென்ஸில் மறுபடியும் ஒன்றுமில்லை. எல்லைக்கோட்டில் ஒரு வெள்ளை நூலைக் கட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது பழுப்பு நூலைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. வெட்டிய கிளை இவ்வளவு வேகமாகக் காயாது. அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், கை கழுவினாள், மறுபடி உட்கார்ந்தாள். இருப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். 'அருகில் வேறு எதற்கேனும் பாதிப்பு உண்டா?' என்ற கேள்விக்கு அதே முத்தான எழுத்தில் பதில் இருந்தது.

'உண்டு. மனைவி. இடது கால், பெருவிரல் நுனியிலிருந்து.'

போனை எடுத்தாள்.

"அது என்னங்க, மனைவின்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க மேடம். கன்னு நட்ட அதே வாரந்தான் எங்களுக்குக் கல்யாணம். ரெண்டும் ஒண்ணா இந்த மண்ணுக்கு வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வாடுது."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"மூணு ஆஸ்பத்திரி பார்த்தாச்சுங்க. ஒண்ணும் தெரியலன்னுட்டாங்க. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

வாசலில் ரேடியோ நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மேலதிகாரி கூட்டத்துக்குக் கூப்பிடுகிறாராம். தலைக்குமேல் வேலை. எப்படியாவது இந்த மனிதரைக் கத்தரித்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. தினமும் பத்துத் தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் தானாக வாயில் வந்தது.

"பாருங்க, மாதிரி இல்லாம நான் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம்.

"சரிங்க மேடம். அனுப்பிடறேன்."

'அனுப்பிடறேன்' என்று அவர் சொன்னது கூட்டத்தின் நடுவில்தான் உறைத்தது. மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பத்துத் தடவை போட்டாள். அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினாள். கேட்டவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பார்க்கச் சொல்றோம்" என்றார்.

"நீங்க வேற, மேடம்! மரத்தோட மாதிரியைத்தான் அந்த ஆளு சொல்லியிருப்பான்," என்றார் ரேடியோ. "பொண்டாட்டியை யாராவது பார்சல் பண்ணுவாங்களா? அப்படிப் பண்ணலாம்னா நாட்டுல பாதிப் பேரு தபாலாபீஸ்லதான் நிப்பாங்க."

அவள் சிரித்தாள். சிரித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அன்று ராத்திரி வீட்டில் சோற்றில் கை வைத்தவள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மரத்துக்கு ஜுரமா என்று புருஷன் கேலி செய்தார். ஐயோ, நான் ஏன் அதைச் சொன்னேன், நான் ஏன் அதைச் சொன்னேன் என்று அதே நினைப்பு மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மறுநாள் போன் எடுக்கப்படவில்லை. அதற்கடுத்த நாளும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாவது பார்சல் வந்தது.

நீளமான பெட்டி. ரேடியோ அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கைகளைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே வெளியே போய்விட்டார். மழை மூட்டத்தில் அறை இருண்டு கிடந்தது. மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டி உறுமி நின்றது. ஜன்னல் தகரத்தில் மழை விட்டுவிட்டுச் சொட்டியது. அவள் பெட்டியைத் தொடாமல் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். எடுத்துடும்மா, தாயே, எடுத்துடு என்று வாய்விட்டே சொன்னாள்.

இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ?" பெண் குரல். இளங்குரல்.

"நான்... மர டாக்டர் பேசறேன். நீங்க?"

"அடடே, மேடமா! அவரு எப்பவும் உங்க பேச்சுதான். நான் அவரு வீட்டுக்காரம்மா."

மர டாக்டருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நல்லா இருக்கியாம்மா? எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? போலீஸ்ல இருந்து வந்தாங்களா?"

"நல்லா இருக்கேன். போலீஸ்காரர் வந்தாரு. போர்வைக்குள்ள படுத்திருந்தேன், வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போயிட்டாரு. மூணு நாளா என்னை எழுந்திருக்கவே விடலீங்க இவரு. தாங்கு தாங்குன்னு தாங்கறாரு. இன்னிக்குத்தான் போனையே பக்கத்துல வெச்சுட்டுக் கன்னுங்களுக்குத் தண்ணி விடப் போனாரு."

"கால் எப்படி இருக்கு?"

"இப்ப வலியே இல்லீங்க."

அப்பாடா! போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவாள்போல் இருந்தது, அதனால் நின்றபடியே பெட்டியைக் கிழித்தாள். ஈரத்துணி, நாலு சுற்று. அதற்குள் வேர். வேர்தான்! பட்டை மூடிய, கரும்பழுப்பான, மண் ஒட்டிய ஆணிவேர். ஒரு முனை சுத்தமாக வெட்டியிருந்தது. மறுமுனையில் ஐந்து கிளைவேர்கள், தடித்ததாக ஒன்று, பிறகு சின்னதும் பெரியதுமாக நாலு. பூச்சி அரித்த தடமே இல்லை.

"உன் வீட்டுக்காரர் ரொம்ப நல்லா வெட்டி அனுப்பியிருக்காரும்மா," என்றாள், சிரிப்பும் அழுகையுமாக. கத்தியை எடுத்தாள். பட்டைக்குக் கீழே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வேரின் அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டினாள்.

போனில் அந்தப் பெண் கிளுக்கென்று சிரித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. கூசுது."

கத்தி நின்றது. சிரிப்பும் நின்றது.

மழை சொட்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்தி முனையை மெல்ல, மிக மெல்ல, மறுபடி இழுத்தாள்.

"ஐயோ, போதுங்க! யாரோ உள்ளங்காலைச் சொறியற மாதிரியே இருக்கு."

"எந்த... எந்தக் காலும்மா?"

"இடது கால்தான்." குரலில் வெட்கம் கலந்த சிரிப்பு. "அதைத்தான் உங்களுக்கு அனுப்பிட்டாரே. கிடைச்சுதுங்களா?"

கத்தி விழுந்தது. சுரண்டிய இடத்தில் ஈரம். வெள்ளை இல்லை. பச்சை இல்லை. சிவப்பு.

"மேடம்? என்ன நோய்னு தெரிஞ்சுதுங்களா?"

மேஜைமேல், ஈரத்துணியில், ஐந்து வேர்களும் மெதுவாக உள்பக்கம் மடங்கின. பிறகு, ஒவ்வொன்றாக, விரிந்தன.