வியன்னாவிலிருந்து எழுநூறு கிலோமீட்டர்

2016 மார்ச் 9 காலை, செர்பியாவோடு போரிட்டுப் பிரிந்த நாட்டின் தலைநகர் பிரிஷ்டினாவின் வெலானியா பகுதியில், ஸெனுன் கெலாய் தன் வீட்டு மாடிப்படியின் அடியில் இறந்து கிடந்தார். முதல் நாள் இரவே உயிர் போயிருந்தது. கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. அவருடைய சாவி உள்ளேயே கிடந்தது. அது தவிர அந்த வீட்டுக்குச் சாவி இரண்டுதான்: ஒன்று மகள் வால்டெட்டேயிடம், மற்றது வியன்னாவில் வேலை பார்க்கும் மகன் அக்ரோனிடம்.

அக்ரோன் ஒன்பதாம் தேதி காலை விமானத்தில்தான் வந்தானாம். அதனால் போலீஸ் வால்டெட்டேயை இரண்டு முறை அழைத்து விசாரித்துவிட்டது. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ரிஃபாத்திடம் இதைச் சொன்னபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அண்ணன் வருஷா வருஷம் டிக்கி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு காரில்தான் வருவான், இதுதான் அவனுக்கு முதல் விமானப் பயணம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின், ரிஃபாத் அந்த வீட்டில் ஆண் விருந்தினர் உட்காரும் அறையில் அக்ரோனுக்கு எதிரே உட்கார்ந்தார். கூடவே அவருடைய நண்பன், விமான நிலைய டாக்ஸி ஓட்டும் ஸ்கெந்தர். வால்டெட்டே காபித் தட்டோடு வாசலிலேயே நின்றாள்.

பயணம் எப்படி இருந்தது என்று ரிஃபாத் கேட்டார்.

"என்ன பெரிய பயணம் மாமா? எழுநூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜன்னலோர சீட்டு. பெல்கிரேட் மேல வர்றப்ப ஆத்துப் பாலமெல்லாம் தெரிஞ்சுது."

ஸ்கெந்தர் உடனே போனில் தட்டிப் பார்த்தான். "சரியாத்தான் சொல்றார். இங்கயும் எழுநூறுன்னுதான் காட்டுது."

"போன் ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போடுது ஸ்கெந்தர். விமானம் அந்தக் கோட்டுல வராது. தினமும் அங்கதானே நிக்கிற, உனக்குத் தெரியாதா?"

ஸ்கெந்தர் போனைக் கீழே வைத்தான். "அட, ஆமா. போருக்கு அப்புறம் செர்பியா நம்ம விமானத்துக்கு வானத்தையே திறக்கலையே. கடலோரமா சுத்தி, அல்பேனியா வழியால்ல வருது. ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"செர்பியாவுல இருக்கற பெல்கிரேட் பாலம் கார்ல வர்றவனுக்குத்தான் தெரியும்," என்றார் ரிஃபாத்.

"போர்டிங் அட்டை போன்ல இருக்கு. காட்டவா?" என்றான் அக்ரோன்.

"சீட்டு வாங்கினவன் எல்லாம் ஏறணும்னு இல்லையே தம்பி. கார் எங்க நிக்குது?"

வால்டெட்டே தட்டைத் தரையில் வைத்தாள்.

"வீட்டை வித்துரலாம்னுதான் கேட்டேன்," என்றான் அக்ரோன், அவளைப் பார்க்காமல். "படியில அப்பா பிடிச்ச கையை உதறினேன். அவ்வளவுதான்."

"விழுந்தப்புறம் உயிர் இருந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

அவன் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

கார் ஃபெரிஸாய் என்ற பக்கத்து நகரில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கிடைத்தது. அக்ரோன் கைது செய்யப்பட்டான். வால்டெட்டேயைப் போலீஸ் பிறகு கூப்பிடவில்லை. இரண்டு சாவிகளும் இப்போது அவளிடம் இருக்கின்றன.