போகியத்துக்கு விட்ட கீழ் வீடு

கீழ் வீட்டில் குழம்புக் கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு முறை தட்டும் ஓசை கேட்டதும், மாடித் தகரக் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மரிய செலினின் கை நின்றது. அப்படித் தட்டுவது செலினின் வழக்கம். எட்டு வருடமாக அந்தச் சமையலறையில் அவள் தட்டிய ஓசை.

கணவன் லூர்து பிரகாஷ் வேலைபார்த்த கம்பெனியை மூடியதும் வீட்டுக்கடனில் ஐந்து தவணை நின்றுபோனது. தவணையைக் குறைத்து வருஷத்தை நீட்டித் தரச் சொல்லி பேங்க்கில் கெஞ்சினார்கள், நடக்கவில்லை. விற்கப் பார்த்தார்கள், கடனுக்கே கட்டாத விலைக்குத்தான் கேட்டார்கள். கடைசியில் புரோக்கர் ஏகநாதன் ஒரு வழி சொன்னார்.

"கீழ போகியத்துக்கு வுட்டுட்டு நீங்க மேல இருங்கம்மா. மொத்தமா ஒரு தொகை கைக்கு வரும். அதைத் திருப்பித் தர்ற வரைக்கும் வாடகை இல்லாம இருந்துப்பாங்க. வூடு எப்பவும் உங்களுதுதான்."

வந்தவள் ஒற்றைப் பெண். மழைக்கு முக்காடு போட்டிருந்ததில் முகம் சரியாகத் தெரியவில்லை. பேரம் பேசவில்லை. "உங்க சாமானெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்" என்றாள்.

கரண்டி ஓசைக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. துணி உதறும் விதம். பீரோக் கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தும் சத்தம். சாயங்கால ஜெபமாலையில், செலின் எப்போதும் மூச்சு வாங்கும் அதே இடத்தில் மூச்சு வாங்கும் ஒரு குரல். மழை ஈரமும் கருவாட்டுக் குழம்பு வாசனையும் படியேறி வந்தன. செலினின் கைப்பக்குவ வாசனை.

பிரகாஷின் வண்டி வாசலில் நின்றபிறகு, அவன் மேலே வர நாளுக்கு நாள் நேரமாயிற்று.

"இன்னாங்க, இவ்ளோ நேரம்?"

"இப்பதானே வந்தேன். சோறு வேணாம், பசிக்கல."

அவன் விரல்களில் கருவாட்டு வாசனை.

அவள் ஏகநாதனுக்குப் போன் செய்தாள். "அவங்கள காலி பண்ணச் சொல்லுங்கண்ணே."

"பணத்தைத் திருப்பித் தர்றீங்களா?"

பணம் பேங்க்குக்குப் போயிருந்தது.

அன்று பொழுது சாயும்போது மின்சாரம் போயிற்று. கொட்டகைக்குள் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்த மகள் வெரோனிகாவைக் காணோம். புத்தகம் மட்டும் திறந்து கிடந்தது.

"வெரோ!"

"இன்னாம்மா?" என்று பதில் வந்தது. கீழேயிருந்து. செலின் கூப்பிட்டதற்கல்ல. அதற்கு முன்னாலேயே கீழே யாரோ கூப்பிட்டிருந்தார்கள்.

படியில் இறங்கினாள். கால் வழுக்கியது. கதவு உள்தாழ். தட்டினாள். திறக்கவில்லை. சன்னலுக்கு ஓடினாள்.

மெழுகுவத்தி வெளிச்சம். தட்டின் முன்னால் வெரோனிகா. பக்கத்தில் பிரகாஷ், சட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டு மனுஷனாக. முதுகு காட்டி ஒருத்தி பரிமாறினாள்.

"செலினு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான் பிரகாஷ்.

கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "வெரோ! அம்மாடி! இங்க பாரு!"

குழந்தை நிமிர்ந்தாள். பார்த்தாள். வழி கேட்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

"யாரும்மா அது?"

பரிமாறியவள் திரும்பவில்லை. செலினின் குரலில், சலிப்பில்லாமல், சொன்னாள்.

"மேல போகியத்துக்கு வந்திருக்கிறவங்கடி. நீ சாப்புடு."

பிரகாஷ் எழுந்து சன்னலுக்கு வந்தான். அவள் கண்ணுக்குள் பார்த்தான். அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக, மரியாதையாக விலக்கிவிட்டு, சன்னலைச் சாத்தினான்.