பதினொரு வரி விரல்

அறிவியல் அறையில் அன்று மதியம் ஐந்து பேர் இருந்தோம். கதவோரம் நாற்காலியில் ஆத்மநாதன் சார், அவர் முன்னால் திருத்தாத பரீட்சைத் தாள்கள். நீள மேசையின் ஜன்னல் பக்கம் நான். எனக்கு எதிரே சூர்யபிரகாஷ். அவனுக்கு அடுத்து, பாதி பெஞ்சை அடைத்துக்கொண்டு நல்லதம்பி. சொர்ணவல்லி மட்டும் மேசைக்கு வரவில்லை. கைகழுவும் தொட்டியருகே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் இல்லை. ஃபேன் நின்று வெகுநேரமாகிவிட்டது.

திருச்சியில் ஒரு கல்லூரி, பல ஊர்ப் பள்ளிகளிடம் ஒரு வேலை கேட்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டைவிரல் ரேகையை எடுத்து, ஒரு சின்னச் சதுரத்துக்குள் எத்தனை வரிகள் ஓடுகின்றன என்று எண்ணி அனுப்ப வேண்டும். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா என்று எழுதினால் போதும். பல நாடுகளில் இப்படி எண்ணியிருக்கிறார்களாம். பெரும்பாலும் பெண்களின் விரலில் வரிகள் நெருக்கமாகவும், ஆண்களின் விரலில் கொஞ்சம் அகலமாகவும் இருக்குமாம். நம் பக்கத்தில் எப்படி என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

பென்சில் கரியில் விரலைத் தேய்த்து, செல்லோடேப்பில் ஒற்றி, தாளில் ஒட்டினோம். அது சுலபம். லென்ஸ் வைத்து எண்ணுவதுதான் கஷ்டம். பாதிக்கு மேல் வரிகள் நெளியத் தொடங்கிவிடும். மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் வந்தது. பெண்களில் நிறையப் பேருக்குப் பதினான்கு, பதினைந்து. பையன்களில் நிறையப் பேருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. சொர்ணவல்லிக்குப் பதினொன்று. வகுப்பிலேயே அதுதான் குறைவு.

எண்ணியவன் சூர்யபிரகாஷ். காலையில் அதை உரக்கப் படித்துவிட்டான். அதிலிருந்து அவளை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறான். சத்துணவு வரிசையில், "அண்ணனுக்கு வழி விடுங்கடா" என்றான். சிரிக்காதவர்கள் குறைவு. அவள் வெறும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"என் தாளக் கிழிச்சிரு, கலை. திங்கக்கிழமையிலருந்து நான் வரல. கீரனூர்ல எங்க மாமா வீட்டுல இருந்து படிச்சுக்கிறேன்."

நான் அவள் தாளை மறுபடி எண்ணினேன். சூர்யபிரகாஷ் தப்பாக எண்ணியிருக்க மாட்டானா என்று ஆசைதான். இல்லை, பதினொன்றேதான்.

சாரிடம் கேட்டேன். "அவ வேணாம்னா எடுத்துரலாம்மா. ஆனா ஏன் எடுத்தோம்னும் கடிதத்துல எழுதணும்," என்றார். நாலு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள் என்றும் நினைவுபடுத்தினார். சொர்ணவல்லி மறுபடி தொட்டிப் பக்கமே போய்விட்டாள்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். நான் எண்ணிய தாள்களில் ஒரு பையனுக்குப் பதினாறு இருந்தது. அவன் பெயரைச் சொன்னால் சூர்யபிரகாஷ் இவளை விட்டுவிடுவான். அப்புறம் அவனைப் பிடித்துக்கொள்வான். அவ்வளவுதான் நடக்கும்.

அலுப்பாக இருந்தது. தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டேன். தாள்கள் மூக்குக்கு நேரே கிடந்தன. எங்கள் அடையாளத்துக்கு எழுதிய பெயர்கள் பின்பக்கம், மேலே வெறும் ரேகைதான்.

நிமிர்ந்தேன். நான் எண்ணியவற்றில் பத்துத் தாள்களை எடுத்துக் கலைத்து, சூர்யபிரகாஷ் முன்னால் வைத்தேன்.

"பையன் எது, பொண்ணு எதுன்னு பிரிச்சுக் குடு. திருப்பிப் பாக்கக் கூடாது."

"இதென்ன பெரிய வேலையா," என்று லென்ஸை வாங்கினான்.

பெரிய வேலையாகத்தான் இருந்தது. அவன் நெற்றி வேர்வை தாளில் சொட்டியது. ஒருவழியாக இரண்டு அடுக்காகப் பிரித்தான். பின்பக்கப் பெயர்களை நான் மட்டும் பார்த்தேன். மூன்று தப்பு. தப்பான மூன்றையும் தனியே வைத்தேன். யார் யார் என்று கேட்டான். சொல்ல மாட்டேன் என்றேன்.

அவன் ஒன்றை எடுத்து ஆட்டினான். "இதுல பதினாறு இருக்கு. இது பொண்ணு இல்லைன்னா எனக்கு எண்ணவே தெரியல."

நல்லதம்பி எட்டிப் பார்த்தான். அந்த ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். தேங்காய் உடைத்தபோது பட்ட தழும்பு, அதே இடத்தில்.

"என்னோடதுடா," என்றான் நிதானமாக. "இனிமே என்னைய அக்கான்னு கூப்பிடு. ஆனா வரிசையில எனக்கும் வழி விடச் சொல்லணும்."

எங்கள் வகுப்பில் பெஞ்சைத் தனியாகத் தூக்குகிறவன் அவன் ஒருவன்தான். தொட்டிப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சாரும் தாளுக்குள் குனிந்துகொண்டார்.

சூர்யபிரகாஷ் லென்ஸைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எல்லாரையும் சேத்துப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியுது," என்றான். "ஒத்த வெரல வச்சு ஒண்ணும் சொல்ல முடியல." பிறகு யாரையும் பார்க்காமல், "காலையிலருந்து நான் பேசுனது தப்பு சொர்ணவல்லி," என்றான்.

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளைக் கிழிக்கட்டுமா என்று கேட்டேன். அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"வேணாம். எழுது. பதினொண்ணு, பெண்."

எழுதினேன். பதினாறு, ஆண் என்பதையும் எழுதினேன். எல்லாருடையதையும் எழுதி முடித்தபோது என் விரல் மரத்துப்போயிருந்தது. சார் கையெழுத்துப் போட்டார். சொர்ணவல்லி உறைக்குப் பசை தடவி அழுத்தி ஒட்டினாள்.

அரிமளம் பஸ் நிற்கும் இடத்தில்தான் தபால் பெட்டி இருக்கிறது. அவள் வேகமாக நடந்தாள். என்னால் முடியவில்லை. பெட்டியருகே எனக்காகக் காத்து நின்றாள்.

"ஒன் கண்ணு எப்படிச் செவந்து கெடக்கு," என்றாள். "திங்கக்கிழமை மிச்ச வேலை எதுவும் இருந்தா எங்கிட்டக் குடு, நான் எண்ணுறேன்."

சொல்லிவிட்டு உறையைப் பெட்டிக்குள் போட்டாள்.